வால்பாறைக்கு டீ கொண்டு போனவன்

கொல்லன் தெருவில் ஊசி விற்றவனைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அப்படியும் போன ஆகஸ்டில் வால்பாறைக்குப் புறப்பட்டபோது, அத்தைக்கென்று என் பையில் இருந்தது ஒரு பாக்கெட் டீ. இருபத்தைந்து பைகள், முந்நூற்று இருபது ரூபாய். அட்டையில் பச்சை மலையும் அதன்மேல் பனியும் போட்ட படம். அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியான இடத்துக்குத்தான் அதைக் கொண்டு போகிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

டீயைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஆபீசில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைப் பரப்பியவனும் நான்தான். பால் ஊற்றினால் டீயின் உயிர் போய்விடும், மூன்று நிமிஷத்துக்கு மேல் ஊறக் கூடாது, கிரீன் டீச் செடி வேறு சாதி, டீக்கடையில் போடுகிற டஸ்ட் என்பது ஃபேக்டரியைக் கூட்டிப் பெருக்கிய குப்பை. இவை என் வேதவாக்குகள். இவ்வளவையும் மூன்றரை மணிக்கு ஓதிவிட்டு, நாலு மணிக்குத் தெருமுனைக் கடையில் "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று நிற்பேன். நாளைக்கு ஆறு டம்ளர். இதில் வெட்கம் எதுவும் இருந்ததில்லை.

தேயிலைத் தோட்டத்தை மட்டும் பார்த்ததில்லை. அதற்கு நான் வால்பாறை வரை போயிருக்கவே வேண்டாம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலையில்தான் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு வாங்கிய காட்டில் போட்ட தோட்டம். குத்தகை முடிவதற்குள் ஒரு தடவை போய் வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வேலை நின்று, நாலு தலைமுறையாக இருந்த ஜனங்கள் கீழே இறங்கத் தொடங்கியதையும் பேப்பரில்தான் படித்தேன். அதற்கப்புறம்தான் அவசரம் வந்தது. வால்பாறையில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. கல்யாணமாகி மலையேறிப் போனவர், முப்பத்தாறு வருஷம் கொழுந்து பறித்து ரிட்டையர் ஆகிவிட்டார். மகன் ஃபேக்டரியில் இருப்பதால் லைன் வீடு இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

"வா மருமவனே. பஸ்ஸுல வந்தா ரொட்டிக்கடைல எறங்கிரு" என்றார்.

ரொட்டிக்கடை என்பது ஊர்ப் பேர் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொள்ளாச்சியில் பஸ் ஏறும்போதே மனைவி போனில் எலுமிச்சம்பழத்தை நினைவுபடுத்தினாள். மலைப்பாதையில் வாந்தி என்பது மனசு சம்பந்தப்பட்ட விஷயம், தொலைதூரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் ஒன்றும் செய்யாது என்று அவளுக்கு வகுப்பு எடுத்தேன். ஆழியாறு அணையைத் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை உண்டு. அந்த நம்பர் போட்டவரை அன்றைக்கு நான் மன்னிக்கவில்லை. எவ்வளவு தாண்டினோம் என்பதை விட எவ்வளவு பாக்கி என்பதைத்தான் அது சொல்லிக்கொண்டே வருகிறது.

ஒன்பதாவது வளைவில் பஸ் மெதுவானது. சாலையோரத் தடுப்புச் சுவரின் மேல் நாலைந்து ஆடுகள் நின்று என்னையே பார்த்தன. "யாரு வீட்டு ஆடோ, இப்படி ரோட்டுல விட்டிருக்காங்க. வண்டி அடிச்சா அப்புறம் டிரைவரப் பிடிச்சுச் சண்டை போடுவாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சமூக அக்கறையோடு சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முன் சீட்டில் இருந்த பள்ளிக்கூடப் பையனுக்கு அந்த நாகரிகம் கிடையாது. திரும்பி, "அது வரையாடு அங்கிள். நம்ம மாநில விலங்கு" என்றான். பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது. ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மனைவியிடம் சொன்னபடி தொலைதூரத்தைப் பார்த்தேன். தொலைதூரம் சுற்றியது.

பதின்மூன்றாவது வளைவில் கண்டக்டர் ஒரு கவரை நீட்டினார். கேட்காமலே நீட்டினார், முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும் போலிருக்கிறது. "இன்னும் இருபத்தேழு இருக்கு சார், சமாளிச்சுக்குங்க" என்றார் கனிவாக. அதற்குப் பிறகு அட்டகட்டி வரை நடந்ததை இங்கே எழுதுவதாக இல்லை. பின் சீட்டுப் பாட்டி ஒருவர் தன் சுருக்குப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"ரொட்டிக்கடை எல்லாம் எறங்கு" என்ற குரல் கேட்டதும் இறங்கினேன். தூறல். வயிறு காலி. அத்தை ஒரு பேக்கரி வாசலில் நிற்பார் என்று தேடி, எதிர்ப்பட்ட கடையில், "இங்க ரொட்டிக்கடை எதுங்க?" என்றேன். கடைக்காரர் கீழே தரையைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. "இதுதாங்க" என்று மறுபடியும் தரையையே காட்டினார். நான் குனிந்து வேறு பார்த்தேன். அதற்குள் அத்தை குடையோடு வந்து சேர்ந்தார். இந்தக் காட்சியின் கடைசிப் பகுதியை அவர் பார்த்திருக்கிறார் என்பது அன்று ராத்திரி அவர் மகனிடம் சொல்லிச் சிரித்தபோது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கருப்புக் கண்ணாடி மாதிரி ஒரு கட்டன் சாயா கொடுத்தார். வாந்தி எடுத்த வயிற்றுக்கு அது அமிர்தம். குடித்துத் தெம்பு வந்ததும் பையைத் திறந்து பரிசை எடுத்து நீட்டினேன். அத்தை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனி போட்ட படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு பையை எடுத்து நூலைப் பிடித்துத் தொங்கவிட்டார். பிறகு, எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, அரிவாள்மனைப் பக்கத்தில் கிடந்த கத்தரியை எடுத்து அந்தப் பையின் ஓரத்தை நறுக்கி, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டி, ஆள்காட்டி விரலால் பரப்பினார். அந்த விரலிலும் கட்டை விரலிலும் ரேகைக்குள் கறுப்புக் கோடுகள். ரிட்டையர் ஆகி ஐந்து வருஷம் ஆகியும் போகாத கறை.

"டஸ்டு போட்டிருக்கான் மருமவனே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பருப்பில் கல் இருக்கிறது என்று சொல்வது போல.

"அது டஸ்டா இருக்காது அத்தை. விலை..."

"எவ்வளவு?"

சொன்னேன். அத்தை உள்ளங்கையை மூடிக்கொண்டார். மரியாதையாக அதை ஒரு டப்பாவில் போட்டு மூடி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கப் போகிறோம் என்று நானே அறிவித்தேன். அத்தை எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். மழை, அட்டை, சறுக்கல். அட்டைக்கு என்னிடம் மருந்து உண்டு என்றேன். உப்பு. சட்டைப் பையில் ஒரு பொட்டலம் உப்பு வைத்திருந்தேன். மழையில் நனைந்து அது பத்து நிமிஷத்தில் உப்புத் தண்ணீராகி என் இடுப்பு வழியாக இறங்கிப் போய்விட்டது. அத்தை புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு வந்திருந்தார். எனக்கும் தடவச் சொன்னபோது, நாற்றம் என்று மறுத்துவிட்டேன். சாயங்காலம் எண்ணிப் பார்த்ததில் ஏழு அட்டைகள். ஒன்று தொப்புளுக்குப் பக்கத்தில். கடிக்கும்போது தெரியாது, விட்டுப் போன பிறகும் ரத்தம் நிற்காது. ரத்தம் உறையாமல் இருக்க அதன் எச்சிலிலேயே சரக்கு வைத்திருக்கிறது.

தெரிந்த சூப்பர்வைசரிடம் அத்தை ஏதோ சொல்ல, அவர் என்னை மேலும் கீழும் பார்த்து அரை மணி நேரம் அனுமதித்தார். தோட்டத்தில் இப்போது பெரும்பாலும் கத்தரிதான். வாய்க்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்த கத்தரி. வெட்டிய இலை அதிலேயே விழும். அதை என் கையில் கொடுக்க யாரும் துணியவில்லை. "கையால பறி. ரெண்டு இலை, நடுவுல ஒரு மொட்டு. அம்புட்டுதான்" என்றார் அத்தை.

அம்புட்டுதான் என்பது உண்மைதான். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறதே, அதற்குள் இறங்கினால் ஒவ்வொரு செடியும் இடுப்பளவு முரட்டுக் குச்சிக் காடு. விட்டால் மரமாகி வளர்ந்துவிடும் ஜாதியை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கவாத்து செய்து குட்டையாக வைத்திருக்கிறார்கள். குச்சி வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. ஆமாம், வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். மண்ணின் மைந்தனாகத் தெரிய வேண்டும் என்று ஒரு ஆசை. மற்றவர்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுற்றியிருந்தார்கள். என் வேட்டியின் கரை இப்போதும் அந்தத் தோட்டத்தில் எங்கோ இருக்கிறது.

அரை மணி நேரம் வெறி பிடித்தவன் மாதிரி பறித்தேன். பக்கத்து வரிசையில் இருந்த பெண்கள் என்னைக் கடந்து, திரும்பி வந்து, மறுபடியும் கடந்தார்கள். முதுகு நிமிர மறுத்தது. தராசில் தொங்கவிட்டபோது முந்நூற்று எண்பது கிராம். நான் அதை மூன்று கிலோவாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். சூப்பர்வைசர் பையைத் தரையில் கொட்டிக் கிளறினார். முத்தல் இலை, காம்பு, பக்கத்துக் களைச்செடியின் இலை, ஒரு வெட்டுக்கிளி. எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகு நின்றது நூற்று நாற்பது கிராம்.

அத்தை கணக்குப் போட்டார். "நாலரை கிலோ பச்சைக்கு ஒரு கிலோ தூள் நிக்கும். ஒன்னோடது முப்பது கிராம் வரும். பன்னெண்டு டம்ளர்."

"ரெண்டு நாளைக்கு ஆச்சே அத்தை! பரவாயில்லல்லா?" நிஜமாகவே பெருமையாகத்தான் இருந்தது.

அத்தை கீழே கிடந்த முத்தல்களில் ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினார். "இதயும் பிடுங்கிட்டா செடி எதத் திங்கும் மருமவனே?"

மேலே துளிர்ப்பதை நாம் எடுத்துக்கொள்கிறோம். அடியில் நிற்கிற முற்றிய இலைகள்தான் வெயிலை வாங்கிச் செடிக்குச் சோறு போடுகின்றன. அதில் கை வைப்பது அடுப்பையே தூக்கிக்கொண்டு போவது மாதிரி. என் நூற்று நாற்பது கிராமுக்காக எத்தனை செடிகளின் அடுப்பை அணைத்தேனோ. சூப்பர்வைசர் அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்த பார்வையிலிருந்து, கணிசம் என்று ஊகித்தேன்.

மத்தியானம் அத்தான் ஃபேக்டரிக்குக் கூட்டிப் போனார். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வியே நான்தான் கேட்டேன். "கிரீன் டீச் செடி எந்தப் பக்கம் போட்டிருக்காங்க அத்தான்?" அவர் கொஞ்சம் யோசித்தார், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று. செடி ஒன்றுதானாம். பறித்த இலையை வாட்டி, நசுக்கி, காற்றில் விட்டுச் சிவக்க வைத்தால் நாம் குடிக்கிற டீ. சிவக்க விடாமல் முதலிலேயே ஆவியிலோ சட்டியிலோ சூடு காட்டி நிறுத்திவிட்டால் கிரீன் டீ. பத்து வருஷமாக இரண்டு செடிகளை வைத்து ஆபீசில் நான் நடத்திய வகுப்புகளை நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி முழுக்கக் காற்றடித்து வாடிய இலை, பல் வைத்த உருளைகளுக்கு நடுவே போய் நைந்து, பச்சைப் புட்டு மாதிரி விழுகிறது. முதலில் அடிப்பது வெட்டிய புல்லின் வாசம். கொஞ்ச தூரம் தள்ளி, அதே புட்டு செம்பு நிறத்துக்கு மாறிப் பழ வாசம் அடிக்கிறது. அங்கேயே நின்றுவிடலாம் போல இருந்தது. அதற்கப்புறம் டிரையர். அதற்கப்புறம் சல்லடை. ஒரே தூள்தான், பெரிய கண் சல்லடையில் நிற்பதற்கு ஒரு பேர், நடுவில் நிற்பதற்கு ஒரு பேர், எல்லாவற்றையும் தாண்டி அடியில் சேரும் பொடிசுக்குப் பேர் டஸ்ட். பொடிசாக இருப்பதால் சட்டென்று சாயம் இறங்கும். டீக்கடைகளும் டீப்பைக்காரர்களும் பொடிசைத் தேடுவது அதனால்தான். கூட்டிப் பெருக்கிய குப்பை என்று நான் சொன்னதை அத்தான் கேட்கவில்லை. அத்தை கேட்டிருந்தார், போன தீபாவளிக்குப் போனில் பேசும்போது. அதை அவர் அன்றைக்கும் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மனைவியிடம் சாதனைகளைச் சொல்ல வேண்டியிருந்ததால் போனைப் பிடித்துக்கொண்டு லைனுக்கு வெளியே நடந்து, முக்கில் இருந்த கம்பத்தடியில் நின்றேன். இரண்டு கட்டை சிக்னல். கம்பத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. "ரொம்ப அழகா இருக்கு. பனி. தூரத்துல நாய் குலைக்குது. மேல ஒரு சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது, ஏதோ கோயில் கொடை போல" என்று வர்ணித்துக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்த ஒரு பையன் பிரேக் அடித்தான். "அண்ணா, இங்க என்ன நிக்கிறீங்க? லைட்டப் பாக்கலையா?"

"பாத்தேனே. என்ன விசேஷம்?"

"யானை நிக்குது."

செருப்பு ஒன்று கம்பத்தடியிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்குள் பாய்ந்தபோது அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது: இன்ன எஸ்டேட், இன்ன டிவிஷன், யானைக் கூட்டம், பொதுமக்கள் கவனம். உள்ளூர் கேபிளில் இப்படி ஓடவிடுவார்களாம். அந்தச் சிவப்பு விளக்கை, நம்பர் பதிந்து வைத்த உள்ளூர்க்காரர்கள் யானையைப் பார்த்ததும் போன் போட்டே எரிய விடலாமாம். காட்டுயிர் ஆய்வாளர்களும் வனத்துறையும் ஊர் ஜனங்களுமாகச் சேர்ந்து செய்த ஏற்பாடு. அத்தை சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல் விளக்கினார். "ரேஷன் கட அரிசி வாசத்துக்கு வரும். சத்துணவுக் கூடத்தயும் ஒடைக்கும். நம்மள ஒண்ணும் செய்யாது, நாம போயி அது கால்ல நிக்காம இருந்தா." இதற்குள் போனில் மனைவி, "என்ன கொடை? எந்தச் சாமி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு பார்க்கப் போனதும், அவை சாலையைத் தாண்ட மரத்துக்கு மரம் கட்டிவிட்டிருக்கும் தொங்கு பாலத்தை நான் தண்ணீர்க் குழாய் என்று நினைத்ததும் தனிக் கதை. விட்டுவிடுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரிதான் கடைசித் தவறு. மற்றதெல்லாம் போனாலும் படிப்பாளி என்கிற பேராவது மிஞ்சட்டும் என்று நினைத்து, "அத்தை, ஒங்க தோட்டத்தப் பத்தின நாவலே ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். இந்தத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்தது, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டு வந்தார், அதை வைத்துத்தான் 2013இல் 'பரதேசி' படம் எடுத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான் மேஸ்திரிகள் முன்பணம் காட்டி ஆள் பிடித்து வந்தார்கள், முன்பணம் கடைசிவரை தீராது, காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை என்றும் சொன்னேன். இது அத்தையின் மாமியாருடைய கதை என்பதை மறந்து, அத்தைக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "படம் டிவில போட்டான், பாத்தேன். கடைசியில பொண்டாட்டி புள்ளையும் மலைக்கே வந்து சேந்துரும், அவன் பாறமேல ஒக்காந்து அழுவான். புஸ்தகத்துலயும் அப்படித்தானா? இல்ல, கீழ எறங்கி ஊருக்குப் போயிருவாகளா?" என்றார்.

நான் புத்தகத்தில் அறுபது பக்கம் படித்திருந்தேன். அதுவும் நாலு வருஷத்துக்கு முன்னால்.

"அது... கொஞ்சம் வேற மாதிரி வரும் அத்தை. ஊருக்குப் போயி முழுசா ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுதேன்."

"சொல்லு" என்றார். அவ்வளவுதான். விளக்கை அணைத்த பிறகு இருட்டில், "போயிருந்தா நல்லாருக்கும்" என்ற குரல் மட்டும் வந்தது.

இறங்கும்போது அத்தை கொடுத்தனுப்பிய அரைக் கிலோ டஸ்ட் தீர்ந்துவிட்டது. பால் ஊற்றி, கொதிக்க விட்டு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுத்தான் குடித்தேன். புத்தகத்தில் இப்போது நூற்றுப் பத்தாவது பக்கத்தில் இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் ராத்திரி எட்டு மணிக்கு, சீரியல் இடைவேளையில், அத்தை போன் செய்கிறார். வெயிலா, மழையா, ரேஷன் கடையை யானை உடைத்ததா என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "முடிச்சிட்டியா?" என்று கேட்கிறார். படித்து முடித்தவர்கள் யாராவது இருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி சொல்லி உதவுங்கள்.